கோடரியும் கைப்பிடியும்

வறியவருக்கு உதவ வேண்டும் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. எதைக் கொண்டு உதவ வேண்டும் என்பதிலேதான் நூற்றாண்டுகளாகச் சிந்தனை நடந்து வந்திருக்கிறது. ஒரு வேளை உணவா, ஒரு மாதச் செலவா, ஒரு தொழிலா என்று கேட்டால், தொழில்தான் என்று யாவரும் விடை கூறுவர். ஆனால் அந்த விடையோடு நாம் நின்றுவிடுகிறோம். அது எத்தகைய தொழில், அதில் பாடுபடுகிறவருக்கு மிஞ்சுவது என்ன, அவரிடம் கூலிக்கு நிற்கும் இன்னொருவருக்குக் கிடைப்பது என்ன என்ற அடுத்த கேள்விகளுக்குள் பெரும்பாலும் நுழைவதில்லை.

முன்னோர் அந்தக் கேள்விகளுக்குள் நுழைந்திருக்கின்றனர். மதீனாவின் அங்காடியிலிருந்து எகிப்தின் நைல் கரைச் சிற்றூர் வரையில் அதற்குச் சான்றுகள் உள்ளன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. சிறு தொழிலை ஆதரிப்பது முதல் கொடுப்பதோடு முடிந்துவிடுவதன்று. இடமும் கருவியும் கைத்திறனும் நேர்மையான பங்கும் உரிய கூலியும் ஒன்று சேர்ந்த இடத்தில்தான் நல்ல வேலை பிறந்திருக்கிறது. முதல் மட்டும் தனித்து நின்ற இடங்களில், அது காலப்போக்கில் வசதியுள்ளவரிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது. இதனை வரலாற்றின் துணைகொண்டு ஈண்டு நோக்குவோம்.

இரண்டு திர்ஹமின் கணக்கு

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மிம்பர் மேடைகளில் நாம் பலமுறை கேட்டதுதான். அன்சாரித் தோழர் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். வீட்டில் ஏதேனும் இருக்கிறதா என்று பெருமானார் வினவினார்கள். பாதியை உடுத்திப் பாதியை விரித்துக்கொள்ளும் ஒரு கம்பளமும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் இருப்பதாக அவர் சொன்னார். அவ்விரண்டையும் வரவழைத்து அங்கேயே ஏலம் விட்டார்கள். முதலில் ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார். அதிகம் தருபவர் உண்டா என்று இரண்டு மூன்று முறை கேட்ட பிறகு, மற்றொருவர் இரண்டு திர்ஹத்திற்கு வாங்கிக்கொண்டார். ஒரு திர்ஹத்திற்கு வீட்டாருக்கு உணவு, மறு திர்ஹத்திற்கு ஒரு கோடரி என்று பணிக்கப்பட்டது. கோடரி வந்ததும் பெருமானார் தம் திருக்கரத்தாலேயே அதற்குக் கைப்பிடி பொருத்திக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்கும்படியும், 15 நாள் வரை தம் கண்ணில் பட வேண்டாம் என்றும் கூறி அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது 10 திர்ஹம் ஈட்டியிருந்தார். அதில் ஒரு பகுதிக்கு உடையும் ஒரு பகுதிக்கு உணவும் வாங்கினார்.

யாசகம் கூடாது என்பதற்கு ஆதாரமாகவே இந்த நிகழ்ச்சியைப் பெரும்பாலும் எடுத்துரைக்கிறோம். அது சரியே. ஆயினும் தொழிலுக்கு உதவும் முறை என்ற நோக்கில் இதனை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பொருளுக்கு முதலில் கிடைத்த விலையை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. நியாய விலை வரும்வரை கேட்டார்கள். கையில் வந்த பணம் முழுவதையும் தொழிலில் போடவும் இல்லை. தொழில் கை கொடுக்கும்வரை வீட்டில் அடுப்பெரிய ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். வெறும் இரும்பை விலைக்கு வாங்கச் சொன்னதோடு நில்லாமல், அதனைப் பயன்படும் கருவியாக ஆக்கிக் கொடுத்தார்கள். சந்தையில் விலைபோகும் பொருள் இன்னதென்று காட்டினார்கள். கடைசியாக ஒரு காலக்கெடுவும், அது முடிந்ததும் வந்து கணக்குச் சொல்லும் ஏற்பாடும் இருந்தன. இரண்டு திர்ஹம் முதலீட்டில் இத்தனை கவனம்!

வாடகை இல்லாத அங்காடி

கருவி கிடைத்தவருக்கு அடுத்துத் தேவைப்படுவது விற்பதற்கு ஓர் இடம். ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த முஹாஜிர்களில் பலர் வணிகம் அறிந்தவர்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு அன்சாரிச் சகோதரர் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவர் அதனை நன்றியோடு மறுத்துவிட்டு அங்காடிக்கு வழி கேட்டதும், பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் வாழ்வைத் தொடங்கியதும் புகாரியில் காணப்படும் செய்தி. அவர் சென்றது கைனுகாக் குலத்தாரின் அங்காடி.

பின்னர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஸ்லிம்களுக்கென ஓர் அங்காடியைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு இடங்களைப் பார்த்துவிட்டு, அவை பொருத்தமல்ல என்று கூறி, இறுதியில் ஒரு திறந்த வெளியைக் காட்டி, இதுவே உங்கள் அங்காடி, இதன் பரப்பு குறைக்கப்படலாகாது, இதன் மீது வரி விதிக்கப்படலாகாது என்ற கருத்தில் ஆணையிட்டார்கள். இப்னு மாஜாவில் இதன் அறிவிப்பு உள்ளது. மதீனா வரலாற்றை விரிவாகத் தொகுத்த அறிஞர் சம்ஹூதி அவர்கள் தம் ‘வஃபாவுல் வஃபா’ என்னும் நூலில் இந்த அங்காடி பற்றிய செய்திகளைத் திரட்டித் தந்துள்ளார்.

அன்றைய அங்காடியில் நிலையான கடைகள் இல்லை. பள்ளிவாசலில் முன்னே வந்தவர் முன்னே அமர்வது போல, அங்காடியிலும் அன்றைக்கு முதலில் வந்தவருக்கே அந்த இடம். மாலையில் அவர் எழுந்து சென்றால் அவருடைய உரிமையும் முடிந்தது. உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில், அங்காடிக்குள் ஒரு கொல்லர் உலை அமைத்து இடத்தை அடைத்துக்கொண்டதைக் கண்டு அதனை இடித்தார்கள் என்றும் ஒரு செய்தி உண்டு. கொல்லரின் தொழில் மீது அவர்களுக்குப் பகை ஒன்றுமில்லை. ஒருவர் நிலையாக ஊன்றிவிட்டால், தலைச்சுமையோடு வரும் நாளைய வணிகருக்கு இடம் இராது என்பதே காரணம்.

பிற்காலத்தில் இந்த நிலை மாறிற்று. முஆவியா (ரலி) அவர்கள் காலத்தில் அங்காடி நிலத்தில் கட்டடங்கள் எழுந்து வாடகை வசூல் தொடங்கியது. உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 99 முதல் 101 வரை ஆண்ட குறுகிய காலத்தில், அங்காடி என்பது மக்களுக்கு அளிக்கப்பட்ட தர்மம் என்று கூறி வாடகை வாங்குவதைத் தடுத்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த கலீஃபா ஹிஷாம் காலத்தில் அங்காடி நெடுகிலும் பெருங்கட்டடம் ஒன்று எழுப்பப்பட்டது. கீழே கடைகள், மேலே வாடகைக்கு அறைகள். ஹிஜ்ரி 125ல், அதாவது கி.பி. 743ல், ஹிஷாம் மறைந்த செய்தி வந்ததும் மதீனாவாசிகள் திரண்டு சென்று அந்தக் கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்கினர்.

இந்த நிகழ்ச்சி நம் சிந்தனைக்குரியது. ஆட்சியாளரின் கண்ணுக்கு அந்தக் கட்டடம் அங்காடியின் வளர்ச்சியாகத் தோன்றியிருக்கலாம். நெய்க்குடத்தோடு வந்து அமர்ந்து விற்றவருக்கோ, அது தம் ஊதியத்தில் கை வைக்கும் ஏற்பாடாகத் தெரிந்தது. எந்த ஊரிலும் சிறு வணிகரின் வருவாயை முதலில் தின்பது இடவாடகைதான். அதனைக் குறைத்துக் கொடுப்பதும் ஒரு வகை முதலீடே என்பதை மதீனாவின் அங்காடி காட்டுகிறது.

பணமில்லாத பங்காளி

இடமும் கருவியும் இருந்தும் முதல் இல்லாதவர் என்ன செய்வார்? இதற்கு ஃபிக்ஹு நூல்கள் தரும் முதல் விடை முளாரபா. ஒருவர் பணம் தருகிறார். மற்றவர் உழைப்புத் தருகிறார். ஆதாயம் வந்தால், முன்பே பேசிக்கொண்ட விகிதத்தில் பிரித்துக்கொள்கின்றனர். நட்டம் வந்தால், உழைத்தவரின் கவனக்குறைவோ மோசடியோ இல்லாதவரை, பணத்தின் இழப்பு பணம் தந்தவரையே சாரும். உழைத்தவருக்கு அவருடைய உழைப்பே நட்டம். கடனாளியாக்கி அவருடைய வீட்டையும் பாத்திரத்தையும் பறிக்க இங்கே வழியில்லை.

இரண்டாவது விடை இன்னும் நுட்பமானது. ஹிஜ்ரி 593ல் மறைந்த புர்ஹானுத்தீன் மர்கீனானீ அவர்களின் ‘ஹிதாயா’ நம் அரபி மதரஸாக்களில் இன்றளவும் ஓதிக் கொடுக்கப்படும் கிதாபு. அதில் தையற்காரர்களும் சாயமிடுபவர்களும் பணமே போடாமல் தங்கள் உழைப்பை மட்டும் வைத்துக் கூட்டுச் சேர்வது செல்லும் என்று காண்கிறோம். கூலி ஒப்பந்தம் பற்றிய பாடத்தின் இறுதியிலோ மற்றொரு சட்டம் வருகிறது. ஒரு தையற்காரரோ சாயக்காரரோ தம் கடையில் வேறொருவரை அமர்த்தி, வருகிற வேலையை அவரிடம் கொடுத்து, கிடைக்கும் கூலியில் ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொள்வது கூடும் என்பதே அது. ஒருவர் தம் நற்பெயரால் வேலையைப் பெறுகிறார். மற்றவர் தம் கைத்திறனால் அதனை முடிக்கிறார். இருவரின் நலனும் நிறைவேறுகிறது என்பது அதற்குக் கூறப்படும் காரணம்.

கடைக்குள் வந்து அமர்ந்தவர் வெறும் கூலியாள் என்று கருதப்படாமல் பாதிப் பங்குக்கு உரியவராகிறார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இத்தகைய உழைப்புக் கூட்டுக்கு இடமில்லை. இருவர் உழைப்பின் அளவும் தெளிவாகத் தெரியாத நிலையில் ஒருவருக்கு அநீதி நேர்ந்துவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். இரண்டு மத்ஹபுகளும் வேறு வேறு முடிவுக்கு வந்தாலும், உழைப்பவர் ஏமாறக் கூடாது என்ற கவலை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது.

அந்தக் கவலையை நடைமுறையாக்கியவர் முஹ்தசிப் என்னும் அங்காடி மேற்பார்வையாளர். அவர் எடையையும் அளவையும் மட்டும் சோதித்தவர் என்று பலர் எண்ணியிருக்கின்றனர். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞரும், ஹிஜ்ரி 450ல் மறைந்தவருமான மாவர்தீ அவர்கள் தம் ‘அல் அஹ்காமுஸ் சுல்தானிய்யா’ நூலில், வேலை வாங்குபவர் கூலியைக் குறைத்தோ வேலையை மிகுத்தோ வரம்பு மீறினால் அவரைத் தடுப்பது முஹ்தசிபின் கடமை என்று எழுதுகிறார்கள். வேலையாள் பணியில் குறை வைத்தாலும், பேசியதற்கு மேல் கூலி கேட்டாலும் அவரையும் தடுக்க வேண்டும் என்று உடனே சேர்த்துக்கொள்கிறார்கள். வேலை நேரமும் கூலியும் இருவர் மட்டும் பேசி முடித்துக்கொள்ளும் தனி விவகாரம் அல்ல, அங்காடியின் பொது ஒழுங்கைச் சேர்ந்தவை என்பது ஏறத்தாழ 1000 ஆண்டுகளுக்கு முன்னரே எழுத்தில் வந்துவிட்டது.

உடைந்த தட்டு

மஅபர் என்று அரபிகள் அழைத்த நம் தமிழ்க் கரைக்கும் வந்து சென்ற பயணி இப்னு பதூதா, அதற்கு முன் 1326ல் திமிஷ்கு நகரில் தாம் கண்ட ஒரு காட்சியை எழுதி வைத்திருக்கிறார். ஒரு தெருவில் சிறுவனான ஓர் அடிமைப் பணியாளின் கையிலிருந்து சீனத்துத் தட்டு ஒன்று விழுந்து உடைந்தது. கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சிறுவனிடம், துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு பாத்திரங்களுக்கான வக்ஃபின் பொறுப்பாளரிடம் செல்லும்படி சொல்லி, தாமும் உடன் சென்றார். பொறுப்பாளர் துண்டுகளைப் பார்த்துவிட்டு, அது போன்ற தட்டு வாங்கும் அளவுக்குப் பணம் கொடுத்தார். அந்த வக்ஃபு இல்லாவிடில் எசமானர் சிறுவனை அடித்திருப்பார், அல்லது கடுமையாகக் கண்டித்திருப்பார். இது உள்ளங்களுக்கு மருந்தாக அமைந்த தர்மம் என்று இப்னு பதூதா வியந்து பாராட்டுகிறார்.

வேலையில் தவறு நேர்வது இயல்பு. அந்தத் தவறின் விலையை யார் தலையில் சுமத்துகிறோம் என்பதைக் கொண்டே ஒரு வேலை நல்ல வேலையா அல்லவா என்பதை அறிந்துகொள்ளலாம். அடிமை முறை நிலவிய ஒரு காலத்தில், சங்கிலியின் கடைக்கண்ணியாக நின்ற ஒரு சிறுவனை எண்ணி எவரோ ஒருவர் தம் சொத்தை வக்ஃபு செய்திருக்கிறார். இன்று கடையில் ஒரு கண்ணாடிக் குவளை உடைந்தால் அதன் விலையைச் சிப்பந்தியின் சம்பளத்தில் பிடிப்பதை வழக்கமாகக் கொண்டவர்கள், இந்தத் திமிஷ்குத் தெருவைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

அதே இப்னு பதூதா சில ஆண்டுகளுக்குப் பின் இன்றைய துருக்கி நாட்டின் அந்தாலியா நகருக்குச் சென்றபோது, பழைய உடை அணிந்த ஒருவர் வந்து அவரையும் உடன் வந்தவர்களையும் விருந்துக்கு அழைத்தார். இத்தனை பேருக்கு உணவளிக்க இவருக்கு ஏது வசதி என்று இப்னு பதூதா தயங்கினார். அழைத்தவர் தோல் தைக்கும் தொழிலாளி என்றும், பல தொழில்களைச் சேர்ந்த சுமார் 200 பேருக்குத் தலைவர் என்றும் பின்னர்தான் தெரிய வந்தது. ‘அகீ’ என்று அழைக்கப்பட்ட இந்தச் சகோதர அமைப்பினர் பகலில் அவரவர் தொழிலைச் செய்து, அஸருக்குப் பின் அன்றைய சம்பாத்தியத்தைத் தலைவரிடம் கொண்டு வந்து சேர்ப்பர். அதில் உணவும் பழமும் வாங்கி, ஊருக்கு வந்த பயணிகளை உபசரித்துத் தாமும் உண்டு, காலையில் மீண்டும் பட்டறைக்குச் செல்வர்.

கிர்ஷெஹிர் நகரில் வாழ்ந்த அகீ எவ்ரான் என்பவரைத் தோல் பதனிடுவோர் தம் குருவாகப் போற்றினர். நாற்றமும் அழுக்கும் நிறைந்தது என்று உலகம் ஒதுக்கிய ஒரு தொழிலைச் செய்தவர்கள், தம் அமைப்பில் தலைமை இடம் பெற்றிருந்தனர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோல் தொழிலோடு வாழும் நம் குடும்பங்களுக்கு இந்தச் செய்தியின் பெருமை எளிதில் விளங்கும். அகீக்களின் வழியில் வந்த தொழிற்குழுக்களில், மாணவர் ஓர் உஸ்தாதிடம் ஆண்டுக்கணக்கில் பயின்று, தேர்ந்தவர் என்று குழு ஒப்புக்கொண்ட பிறகே இடுப்பில் கச்சை கட்டும் சடங்கு நடத்தப் பெற்று, தொழிலாளர் வரிசையில் சேர்க்கப்பட்டார். தொழிலோடு ஒழுக்கமும் உடன்பிறப்பு உணர்வும் கற்பிக்கப்பட்டன.

குறையையும் சொல்ல வேண்டும். உதுமானிய ஆட்சியின் பிற்காலத்தில், ‘கெதிக்’ என்ற பெயரில் ஒரு கடையையோ பட்டறையையோ நடத்தும் உரிமை விற்கவும் வாரிசுகளுக்கு விடவும் தக்க சொத்தாக மாறிற்று. உள்ளே இருந்தவருக்கு அது பாதுகாப்பு. வெளியே நின்ற இளைஞருக்கோ அது மூடிய கதவு. உமர் (ரலி) அவர்கள் கொல்லரின் உலையை இடித்ததன் பொருள் இங்கே இன்னும் தெளிவாகிறது.

பணத்தை வக்ஃபு செய்தவர்கள்

நிலத்தையும் கட்டடத்தையும் வக்ஃபு செய்வது யாவரும் அறிந்தது. ரொக்கப் பணத்தை வக்ஃபு செய்யலாமா என்பது பெரும் விவாதத்துக்கு உள்ளான கேள்வி. ஹிஜ்ரி 158ல் மறைந்த இமாம் ஸுஃபர் அவர்களின் மாணவர் வழியே, திர்ஹங்களை வக்ஃபு செய்து அதனை முளாரபாவாகக் கொடுத்து, வரும் ஆதாயத்தைத் தர்மத்துக்குச் செலவிடலாம் என்ற கருத்து ஹனஃபி நூல்களில் வந்துள்ளது. உதுமானிய நாட்டில் இது பெருவழக்காயிற்று. 1545 முதல் 1574 வரை ஷைகுல் இஸ்லாமாக விளங்கிய அபுஸ் சுஊது அவர்கள், மக்களிடையே வேரூன்றிய வழக்கையும் பொது நலனையும் ஆதாரமாகக் கொண்டு இதனை ஆதரித்துத் தனி நூலே எழுதினார்கள். அதே காலத்தவரான பிர்கிவீ அவர்கள் இதனைக் கடுமையாக மறுத்து எழுதினார்கள். வட்டிக்கு வாசல் திறந்துவிடும் என்பது அவர்களின் அச்சம்.

இந்த வக்ஃபுகளால் விளைந்த நன்மை மிகப் பெரிது. பள்ளிக்கூடங்களும் நீரூற்றுகளும் ஏழைகளுக்கு உணவும் இவற்றால் நடந்தன. ஆயினும் சிறு தொழில் என்ற நோக்கில் பார்த்தால் ஒரு செய்தி உறுத்துகிறது. ஸுஃபரின் வழிவந்த கருத்தில் முளாரபாவே முறை. நடைமுறையிலோ, புர்ஸா முதலிய நகரங்களின் நீதிமன்றப் பதிவேடுகளில் முளாரபாவைக் காண்பது அரிது. கடன் கேட்பவர் தம் வீட்டை வக்ஃபுக்கு விற்றதாக எழுதிக் கொடுத்து, அதே வீட்டில் வாடகைக்குக் குடியிருந்து, பணத்தைத் திருப்பிக் கட்டியதும் வீட்டை மீட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் பெரிதும் வழங்கிற்று. முதல் பாதுகாப்பாக இருந்தது. வருமானமும் உறுதியாக வந்தது. ஆனால் விற்றுக் காட்ட வீடு இருந்தவருக்குத்தான் இந்த வழி திறந்திருந்தது. கைத்திறன் ஒன்றையே சொத்தாகக் கொண்ட தொழிலாளிக்கு அங்கே இடமில்லை. இழப்பில் பங்கு கொள்ளும் துணிவு முதலை விட்டு நீங்கியதும், ஆதரவு யாருக்காக ஏற்பட்டதோ அவரை விட்டும் நீங்கிவிட்டது.

நைல் கரையில் நான்கு ஆண்டுகள்

அந்தத் துணிவு 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் ஒருமுறை தலைதூக்கிற்று. எகிப்தின் தகஹ்லிய்யா மாகாணத்தில், நைல் நதியின் திம்யாத் கிளைக் கரையில் மீத் ஃகம்ர் என்ற ஊர் உள்ளது. ஜெர்மனியில் பொருளியல் பயின்று திரும்பிய அஹ்மத் அந்நஜ்ஜார் என்ற அறிஞர் 1963ஆம் ஆண்டு ஜூலையில் அங்கே ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். ஜெர்மனியின் ஊர்களில் சாமானிய மக்களின் சிறு சேமிப்பு அந்தந்த ஊர்த் தொழிலுக்கே பயன்படுவதை அவர் நேரில் கண்டிருந்தார். நம் மக்களோ வட்டிக்கு அஞ்சி வங்கிப் பக்கமே போவதில்லை; அவர்களுடைய சேமிப்பு தலையணைக்கு அடியிலும் நகையிலும் முடங்கிக் கிடக்கிறது; ஆகவே வட்டியில்லாத சேமிப்பு வங்கியே இங்குப் பொருந்தும் என்பது அவர் கண்ட முடிவு.

அங்கே மூன்று வகைக் கணக்குகள் இருந்தன. முதலாவது, சாதாரணச் சேமிப்பு. இதற்கு ஆதாயம் இல்லை. ஆனால் சேமித்தவருக்குத் தேவை நேர்ந்தால் வட்டியில்லாச் சிறு கடன் பெறும் உரிமை உண்டு. இரண்டாவது, முதலீட்டுக் கணக்கு. இந்தப் பணம் பங்கு முறையில் தொழில்களில் இடப்பட்டு, ஆதாயமும் நட்டமும் பகிர்ந்துகொள்ளப்பட்டன. மூன்றாவது, ஜகாத்தும் நன்கொடையும் சேர்ந்த சமூக நிதி. நோயும் விபத்தும் வந்து இடிந்துபோனவரைத் தாங்குவதற்கு இது பயன்பட்டது. வங்கியின் ஊழியர்கள் மேசைக்குப் பின்னே காத்திராமல், வயலுக்கும் பட்டறைக்கும் பள்ளிவாசலுக்கும் சென்று மக்களோடு பழகினர்.

முதல் ஆண்டில் சுமார் 17,500 பேர் கணக்கு வைத்திருந்தனர். 1967ல் அந்த எண்ணிக்கை இரண்டரை இலட்சத்தைத் தாண்டிற்று. சேமிப்புத் தொகை ஏறத்தாழ 41,000 எகிப்தியப் பவுனிலிருந்து 18 இலட்சம் பவுனுக்கு மேல் உயர்ந்தது. கிளைகள் ஒன்பது ஆயின. கடன் கேட்டவரிடம் வீட்டுப் பத்திரம் கேட்பதற்குப் பதிலாக, அவர் சேமித்த பழக்கமும் அவரை அறிந்த ஊராரின் நம்பிக்கையும் பார்க்கப்பட்டன. விழுந்தால் தாங்கும் நிதியும், உடன் நின்று ஆலோசனை சொல்லும் ஆளும், பங்குக்கு வரும் முதலும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. கோடரியும் கைப்பிடியும் மறுபடியும் ஒன்று சேர்ந்தன எனலாம்.

ஆனால் அரசியல் சூழல் இடம் தரவில்லை. 1967ல் இந்த முயற்சி நிறுத்தப்பட்டு, கிளைகள் அரசு வங்கிகளின் பொறுப்பில் போய்ச் சேர்ந்தன. 1971ல் நாசிர் சமூக வங்கி அரசால் தோற்றுவிக்கப்பட்டது. 1975ல் துபாய் இஸ்லாமிய வங்கியும், ஜித்தாவில் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும் பணியைத் தொடங்கின. அதன்பின் வட்டியில்லா வங்கிகள் உலகெங்கும் பல்கிப் பெருகின. ஆயினும் அவற்றின் நடவடிக்கைகளில் பெரும்பகுதி, பொருளை வாங்கி இலாபம் சேர்த்துத் தவணைக்கு விற்கும் முராபஹா முறையிலேயே அமைந்தது. முளாரபாவுக்குச் சிறு இடமே கிடைத்தது. ஷரீஅத்தில் முராபஹா ஆகுமானதே. ஆனால் வீடும் வாகனமும் வாங்குபவருக்கு அது உதவும் அளவு, கைத்திறன் மட்டும் உள்ள ஒரு பட்டறைக்காரருக்கு உதவுவதில்லை. புர்ஸாவில் நடந்ததே வேறு உருவில் மீண்டும் நடந்திருக்கிறது.

நம் மஹல்லாவில்

1999ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ‘கண்ணியமான வேலை’ என்பதைத் தன் குறிக்கோளாக அறிவித்தது. வேலை இருந்தால் போதாது. உரிய கூலியும் பாதுகாப்பும் மரியாதையும் வேண்டும் என்பது அதன் சாரம். மாவர்தீயைப் படித்தவருக்கு இது புதிய செய்தியன்று. ஆனால் படித்ததோடு நாம் நிறுத்திக்கொண்டோமா என்பதே கேள்வி.

ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் இன்று தையல் இயந்திரமும் தள்ளுவண்டியும் தேய்ப்புப் பெட்டியும் வழங்கி வருகின்றன. இவை போற்றத்தக்க பணிகள். அவற்றோடு இன்னும் சில கேள்விகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இயந்திரம் பெற்ற சகோதரிக்குத் துணி வெட்டத் தெரியுமா? தெரியாவிடில் கற்றுக்கொடுக்க ஓர் உஸ்தாத் உண்டா? தைத்ததை வாங்குபவர் யார்? ஒரு உருப்படிக்குக் கூலி என்ன என்பதை அவரே பேச முடிகிறதா, அல்லது இடைத்தரகர் சொன்னதே விலையா? தொழில் ஊன்றும்வரை அந்த வீட்டில் அடுப்பெரிய ஏற்பாடு உண்டா? இத்தனை நாள் கழித்து வந்து சொல்லுங்கள் என்று கேட்பதற்கு ஒருவர் இருக்கிறாரா? வக்ஃபுக்குச் சொந்தமான கடைகள் உள்ள ஊர்களில், அவற்றில் ஒன்றையேனும் புதிதாகத் தொழில் தொடங்குபவருக்குக் குறைந்த வாடகையில், குறிப்பிட்ட காலம் வரைக்கும் என்று சொல்லிக் கொடுக்க முதவல்லிகள் முன்வரலாம். காலம் முடிந்ததும் அடுத்தவருக்கு அந்த இடம் செல்ல வேண்டும்.

கடை நடத்துபவர்களும் தம் கடைக்குள் திரும்பிப் பார்க்க வேண்டும். நம் சமுதாயத்தில் முதலாளி என்று அழைக்கப்படுபவர்களில் மிகப் பலர் இரண்டு மூன்று சிப்பந்திகளை வைத்துக் கடை நடத்தும் சிறு வணிகர்களே. காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்கள் உட்காரவும் வசதி செய்ய வேண்டும் என்று 2018ல் கேரளமும் 2021ல் தமிழ்நாடும் சட்டம் இயற்றின. ஒரு நாற்காலிக்காகச் சட்டம் வர வேண்டியிருந்தது. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி பணிக்கப்பட்ட சமுதாயம், அந்தச் சட்டத்துக்கு முன்பே நாற்காலியைப் போட்டிருக்க வேண்டும். பல ஆண்டுகள் உடன் நின்று தொழில் கற்ற சிப்பந்திக்கு, ஹிதாயா சொல்லும் பங்காளியின் இடத்தை அளிக்க முடியுமா என்று ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த வணிகர் எண்ணிப் பார்க்கலாம். ஷாஃபிஈ வணிகருக்கோ முதல் கொடுத்துத் தனிக் கடை வைத்துத் தரும் முளாரபா இருக்கவே இருக்கிறது.

வருகிற ரமளானில் ஜகாத்தைப் பிரித்துப் பலருக்குச் சிறு தொகையாகக் கொடுப்பதற்கு முன், மஹல்லாவில் ஒரே ஒரு குடும்பத்தையேனும் தேர்ந்து, கருவியும் இடமும் பயிற்சியும் இடைக்காலச் செலவும் சேர்த்துக் கொடுத்து, தவணை குறித்து, மறுபடி சென்று பார்க்கும் பொறுப்பை இருவர் ஏற்றுக்கொண்டால், அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் ஜகாத் பெறுவோர் பட்டியலில் இராது. வல்ல அல்லாஹ் அதற்கான மனத்தையும் பொறுமையையும் நமக்குத் தந்தருள்வானாக.